வேதம் போதும் என்றால் எதற்குப் போதும்?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், ஃபார்குவார் தெருவில் இரண்டு பழைய ஆலயங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று 1818-இல் கட்டி முடித்த ஆங்கிலிக்கன் செயின்ட் ஜார்ஜ் ஆலயம். மற்றது கத்தோலிக்கரின் விண்ணேற்பு அன்னை ஆலயம். பின்னதன் பெயர் 1786-ஐச் சேர்ந்தது. கெடாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மரியாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டித் தீவில் இறங்கியதால் வைத்த பெயர். ஆனால் மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதைக் கத்தோலிக்கர் அனைவரும் நம்பியே ஆகவேண்டிய கோட்பாடாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது 1950 நவம்பர் 1-ஆம் தேதிதான். பெயர்ப்பலகை கோட்பாட்டை 164 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

அந்த இடைவெளியை இரு தரப்பும் தங்கள் பக்கச் சாட்சியாகவே காட்டும். கத்தோலிக்கர் சொல்வது: அறிவிப்பு வருவதற்கு முன்பே சனங்கள் நம்பினார்கள், திருநாள் கொண்டாடினார்கள், ஆலயத்துக்குப் பெயர் வைத்தார்கள்; சபையின் நினைவில் இருந்ததைத்தான் 1950-இல் உறுதிசெய்தோம். சீர்திருத்த சபையார் (புராட்டஸ்டண்டுகள்) கேட்பது: நம்புகிறவர் நம்பட்டும், அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வேதத்தில் எங்கும் எழுதப்படாத ஒன்றை, 'நம்பாவிட்டால் நீ விசுவாசத்தைவிட்டு விலகினவன்' என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

வேதம் போதுமானது என்ற போதனையின் உயிர் இந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. பைபிளில் எல்லா விஷயமும் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. ஒரு விசுவாசியின் மனச்சாட்சியின்மேல் 'இது கட்டாயம்' என்று சபை எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று அது கோடு கிழிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தெளிவாகும். விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கேட்காமலே கத்திக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் நடப்பது அதுதான்.

ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகள் 1571-இல் இறுதி வடிவம் பெற்றன. ஆறாவது விதியின் சாரம் இது: இரட்சிப்புக்கு வேண்டிய அனைத்தும் பரிசுத்த வேதத்தில் உண்டு, ஆகவே அதில் வாசிக்கக் கிடைக்காததையும், அதைக்கொண்டு நிரூபிக்க முடியாததையும் விசுவாசத்தின் பகுதி என்றோ இரட்சிப்புக்கு அவசியம் என்றோ எவரிடமும் கேட்கக்கூடாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784-இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக இந்த விதிகளைச் சுருக்கியபோது இதைக் கைவிடவில்லை. மெதடிஸ்டுகளின் 25 விதிகளில் ஐந்தாவதாக இன்றும் அது இருக்கிறது. மலேசியாவின் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இந்த மரபில் வந்தவை. பிரஸ்பிட்டேரியர்களின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை (1646) முதல் அதிகாரம் ஆறாம் பத்தியில் இன்னும் இறுக்கமாகச் சொல்கிறது: தேவனுடைய மகிமைக்கும், மனிதனின் இரட்சிப்புக்கும், விசுவாசத்துக்கும், வாழ்வுக்கும் வேண்டியவை வேதத்தில் நேரடியாக எழுதப்பட்டுள்ளன, அல்லது அதிலிருந்து நியாயமாகவும் தவிர்க்கமுடியாத விதத்திலும் வருவிக்கப்படலாம், ஆவியானவரின் புதிய வெளிப்பாடு என்று சொல்லியோ மனித பாரம்பரியம் என்று சொல்லியோ அதோடு எதையும் சேர்க்கக்கூடாது.

இவற்றில் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, போதும் என்பதற்கு முன்னால் 'எதற்கு' என்று எப்போதும் இருக்கிறது. இரட்சிப்புக்கும் தேவனுக்கேற்ற வாழ்வுக்கும் போதும். நீரிழிவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து என்பதற்கோ, வீட்டுக் கடனை எத்தனை வருடத்தில் கட்டுவது என்பதற்கோ அல்ல. மருந்தை நிறுத்திவிட்டு 'எனக்கு வேதம் போதும்' என்று சொல்பவர் இந்தப் போதனையைக் கடைப்பிடிக்கவில்லை. அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது, நேரடி வசனம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிரூபிக்கப்படக்கூடியதும் வருவிக்கப்படக்கூடியதும் சேரும். திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லையே என்று வாதாடுபவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை அதே பத்தியில், ஆராதனையின் சூழலையும் சபை நிர்வாகத்தையும் சார்ந்த சில காரியங்களை இயல்பான அறிவாலும் கிறிஸ்தவ விவேகத்தாலும் தீர்மானிக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஞாயிறு ஆராதனை எட்டு மணிக்கா ஒன்பது மணிக்கா என்று வசனம் தேடவேண்டியதில்லை.

போதகர்கள் இதற்கு முதலில் எடுக்கும் வசனம் 2 தீமோத்தேயு 3:16-17. 'வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்று தொடங்கி, அவை உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளவை என்று சொல்லும் பகுதி. கத்தோலிக்கத் தரப்பின் பதில் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. பிரயோஜனம் என்பது வேறு, போதும் என்பது வேறு. தண்ணீர் உடலுக்குப் பிரயோஜனம்தான், ஆனால் தண்ணீர் மட்டும் போதாது. மேலும் முந்தின வசனத்தில் பவுல் குறிப்பிடுவது தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்த எழுத்துக்களை, அதாவது பழைய ஏற்பாட்டை. இந்த வசனம் போதுமென்று நிரூபித்தால் பழைய ஏற்பாடே போதுமென்று ஆகிவிடாதா?

சீர்திருத்தத் தரப்பு இதற்கு இரண்டு இடத்தைக் காட்டும். அதே பதினைந்தாம் வசனம், அந்த எழுத்துக்கள் 'இரட்சிப்புக்கேற்ற ஞானமுள்ளவனாக்கத்தக்க' வல்லமை உள்ளவை என்கிறது. பதினேழாம் வசனம், தேவனுடைய மனுஷன் 'எந்த நற்கிரியையுஞ் செய்யத் தகுதியுள்ளவனாக' ஆவதை இலக்காக வைக்கிறது. எந்த நற்கிரியைக்கும் தகுதியாக்குவது எதுவோ அது அந்த வேலைக்குப் போதுமானது. நியாயமான வாதம். ஆனால் ஒரே வசனத்தை வைத்து முழுப் போதனையையும் தாங்கப் பார்ப்பது நல்லதல்ல. யோவான் 20:31-ஐயும் (நீங்கள் விசுவாசித்து ஜீவனை அடையும்படி 'இவைகள் எழுதப்பட்டிருக்கிறது'), பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கிய அப்போஸ்தலர் 17:11-ஐயும், பாரம்பரியத்தால் தேவவசனம் அவமாகிறதை இயேசு கண்டித்த மாற்கு 7-ஐயும் சேர்த்து வைத்தால்தான் அது நிற்கும். எதிர்த்தரப்பு கையில் 2 தெசலோனிக்கேயர் 2:15 இருக்கிறது: 'வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது' உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளச் சொல்லும் வசனம். அப்போஸ்தலர்கள் வாயால் சொன்னதும் கட்டளையே என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அப்போஸ்தலர்கள் இறந்தபின், அவர்கள் வாயால் சொன்னது இதுதான் என்று எழுத்துக்கு வெளியே எங்கே போய் உறுதிப்படுத்துவது என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டைக்குப் பிள்ளையார்சுழி போட்டவர் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் என்று சொல்வது வழக்கம். 1519-இல் லைப்சிக் விவாதத்தில், ஆயர்கள் கூடும் பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்று அவர் வாயிலிருந்து வந்தது. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் மன்றத்தில், வேத சாட்சியாலோ தெளிவான நியாயத்தாலோ உணர்த்தப்படாவிட்டால் எழுதியதை மறுதலிக்க முடியாது என்று நின்றார். 'தெளிவான நியாயத்தாலோ' என்பதை நம் ஊர்ப் பிரசங்கங்களில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கேள்வி அவரைவிட மிகப் பழையது. 434-இல் லெரினைச் சேர்ந்த வின்சென்ட் என்ற துறவி இதே கேள்வியைக் கேட்டார்: வேதத் திருமுறை (வேதமாக ஏற்கப்பட்ட நூல்களின் தொகுதி) நிறைவானது, எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதுமானது, அப்படியிருக்க சபையின் விளக்கம் எதற்கு? அவரே பதிலும் சொன்னார்: வேதம் ஆழமானது, ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள், அதனால் வேண்டியிருக்கிறது. முதல் பாதியைச் சீர்திருத்த சபையார் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாம் பாதியைக் கத்தோலிக்கர். முழுசாக வாசித்தால் இரண்டு பேருக்குமே கொஞ்சம் சங்கடம்.

கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8-இல் சீர்திருத்தவாதிகளுக்குத் தன் பதிலை வகுத்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதல் வரைவில், நற்செய்தியின் உண்மை 'ஒரு பகுதி' எழுதப்பட்ட நூல்களிலும் 'ஒரு பகுதி' எழுதப்படாத மரபுகளிலும் இருக்கிறது என்று இருந்தது. இறுதி ஆணையில் அந்த 'ஒரு பகுதி'கள் போய், நூல்களிலும் மரபுகளிலும் என்று மட்டும் நின்றது. இரண்டையும் ஒத்த பக்தியோடும் வணக்கத்தோடும் ஏற்பதாகச் சங்கம் சொன்னது. அந்தத் திருத்தத்தின் பொருள் என்ன என்று கத்தோலிக்க அறிஞர்களே இருபதாம் நூற்றாண்டில் வாதாடினார்கள். உண்மை பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரிந்து கிடக்கிறதா, அல்லது முழுதும் வேதத்தில் ஏதோ வடிவில் இருந்து, மரபு அதை வாசிக்கக் கற்றுத் தருகிறதா? இரண்டாவது பார்வையை எடுத்தவர்களில் பெரிய பெயர் பிரெஞ்சு இறையியலாளர் இவ் கொங்கார். 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய சாசனமும் அந்தக் கதவை அடைக்கவில்லை: வெளிப்படுத்தப்பட்ட எல்லாவற்றையும் குறித்த உறுதியைத் திருச்சபை வேதத்திலிருந்து மட்டும் பெறுவதில்லை என்று 9-ஆம் எண்ணில் சொல்லி, திருச்சபையின் ஆசிரியம் (போதிக்கும் அதிகாரம்) இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிசெய்வது என்று 10-ஆம் எண்ணில் சொன்னது.

ஆகவே போதும் என்பதில் இரண்டு வகை உண்டு. பொருளளவில் போதும் என்றால், சமையலுக்கு வேண்டிய சாமான் எல்லாம் பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வடிவளவில் போதும் என்றால், பையைப் பிரித்தவர் வெளியிலிருந்து தவறா அதிகாரம் பெற்ற சமையல்காரரைக் கூப்பிடாமலே பசியாற முடியும் என்று அர்த்தம். முதலாவதை ஏற்கும் கத்தோலிக்கர்கள் ஏராளம். பிளவு இரண்டாவதில். 'நீங்கள் போப்பைப் பைபிளுக்கு மேல் வைக்கிறீர்கள்' என்று சொல்லி விவாதத்தைத் தொடங்கும் சீர்திருத்த சபை நண்பர் முதல் வரியிலேயே இலக்கைத் தவறவிடுகிறார். 'உங்களுக்குப் பாரம்பரியமே கிடையாது' என்று திருப்பிச் சொல்லும் கத்தோலிக்க நண்பரும் அப்படியே. பழைய நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சீர்திருத்த சபையார் பலரும் ஆராதனையில் சொல்கிறார்கள்.

வடிவளவில் போதும் என்பதற்கும் அளவு உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் ஏழாம் பத்தி, வேதத்தில் எல்லாம் ஒரேபோல் தெளிவல்ல, எல்லாருக்கும் ஒரேபோல் விளங்குவதுமல்ல என்று முதலில் ஒத்துக்கொள்கிறது. இரட்சிப்புக்கு அவசியமானவை மட்டும், படித்தவரும் படிக்காதவரும் வழக்கமான வழிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெளிவு என்கிறது. வழக்கமான வழிகள் என்றால் பிரசங்கம், போதனை, கூடி வாசித்தல். வேதத்தை வாசித்தும் விளங்காத எத்தியோப்பிய மந்திரிக்கு அதை விளக்கப் பிலிப்பு தேவைப்பட்டார் (அப்போஸ்தலர் 8). 'நானும் பைபிளும் போதும், சபை வேண்டாம்' என்பது எந்த விசுவாச அறிக்கையிலும் இல்லை.

அன்னம்மாள் யார்?

கடல் தாண்டிப் பெருநிலப் பக்கம் வந்தால், புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருத்தலம். ஜூலை 26 திருநாளை ஒட்டித் தமிழரும் சீனரும் பிற மதத்தவரும் மெழுகுவர்த்தியோடு திரள்வது தெரிந்த விஷயம். மரியாவின் தாய் பெயர் அன்னா, தந்தை பெயர் சுவக்கின் என்று நான்கு நற்செய்திகளில் எங்கும் இல்லை. புராட்டஸ்டண்ட் பைபிளிலும் இல்லை, கத்தோலிக்கப் பைபிளிலும் இல்லை. அந்தப் பெயர்கள் வருவது இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, யாக்கோபின் முதல் நற்செய்தி என்று அழைக்கப்படும் நூலிலிருந்து. திருமுறையில் அதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்க்கவில்லை.

இதைக் கேட்டதும் 'பார்த்தாயா, மனிதக் கட்டுக்கதை' என்று ஒருவர் துள்ளினால், அவருக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, கத்தோலிக்கர் அன்னம்மாளின் பெயரைக் கோட்பாடாக வைக்கவில்லை. பக்தி மரபு வேறு, விசுவாசத்தின் பகுதியான திருமரபு வேறு என்று அவர்கள் பிரிக்கிறார்கள். மரியாவுக்கு ஒரு தாய் இருந்தார் என்பதற்கு வசனம் தேவையில்லை. இரண்டு, 1505 ஜூலை 2-இல் ஸ்டோட்டர்ன்ஹைம் அருகே இடி விழுந்தபோது 'அன்னம்மாளே, காப்பாற்றும், நான் துறவியாகிறேன்' என்று அலறியவர் லுத்தரேதான்.

ஆறாம் விதியை வைத்து இதை நிறுத்துப் பார்த்தால், திருநாளுக்குப் போவதோ போகாமலிருப்பதோ கட்டாயமாக்கப்படும்போதுதான் போதுமானத்தன்மை மீறப்படுகிறது. அன்னம்மாளிடம் பரிந்துரை கேட்கலாமா என்பது தனிக் கேள்வி. அது பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. விண்ணேற்பின் கதை வேறு. அங்கே கட்டாயம் அறிவிக்கப்பட்டுவிட்டது. 1854-இல் அறிவிக்கப்பட்ட அமல உற்பவமும் (மரியா ஜென்மபாவமின்றிக் கருவானார் என்ற கோட்பாடு) அப்படியே. உண்மையான மோதல் அங்கேதான், மெழுகுவர்த்தியில் அல்ல.

எத்தனை புத்தகம்?

போதும் என்பதற்கு முன் இன்னொரு கேள்வி உண்டு: எந்த வேதம்? பவர் ஐயர் தலைமையில் 1871-இல் முழுமையாக வெளிவந்த, புராட்டஸ்டண்டுகள் கையில் இருக்கும் பழைய திருப்புதலில் 66 நூல்கள்: பழைய ஏற்பாட்டில் 39-உம் புதிய ஏற்பாட்டில் 27-உம். கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் இணைத் திருமுறை நூல்களும் உண்டு. கத்தோலிக்கக் கணக்கில் மொத்தம் 73. இந்த ஏழு நூல் வித்தியாசம் ஏட்டுக்கணக்கு அல்ல. நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளன்று, இறந்தவர்களுக்காக மன்றாடுவதற்கு ஆதாரமாகக் கத்தோலிக்கர் காட்டுவது 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தை. அவர்களைப் பொறுத்தவரை அது வேதத்திலேயே இருக்கிறது. பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துவிட்டு, ஜெபத்தில் நன்றி மட்டும் சொல்லிப் போகும் மெதடிஸ்டுக்கு அது வேதத்தில் இல்லை. இருவரும் 'வேதப்படி' நடக்கிறார்கள்.

ஆங்கிலிக்கன் ஆறாம் விதி இதை உணர்ந்துதான் நூல்களின் பட்டியலையே உள்ளே வைத்தது: இணை நூல்களை வாழ்க்கைக்கு முன்மாதிரியாகவும் நல்லொழுக்கப் போதனைக்காகவும் வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவ எடுக்கக்கூடாது. லுத்தரின் 1534 பைபிளும் அவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில், வேதத்துக்குச் சமமில்லை ஆனால் வாசிக்க நல்லவை என்ற தலைப்போடு அச்சிட்டது. வெஸ்லி இணை நூல்களின் பட்டியலையே வெட்டிவிட்டார்.

புராட்டஸ்டண்ட் வாதத்தின் மிகப் பலவீனமான மூட்டு இதுதான் என்று நேராகவே சொல்லலாம். பைபிளின் பொருளடக்கப் பக்கம் ஆவியானவரால் அருளப்பட்ட பக்கம் அல்ல. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலிடும் மிகப் பழைய ஆவணமாக நம்மிடம் இருப்பது 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அதனாசியு எழுதிய பாஸ்கா மடல். அப்படியானால் வேதம் எது என்று சொல்லவே சபை வேண்டியிருந்ததே என்ற கேள்வி நியாயமானது. சீர்திருத்த சபையாரின் பதில்: சபை வேதத்தை ஆக்கவில்லை, அடையாளம் கண்டது, பவுலின் நிருபங்கள் பட்டியல் வருமுன்னே சபைகளில் அதிகாரத்தோடு வாசிக்கப்பட்டன, சாட்சி சொன்னவர் நீதிபதி ஆகிவிடமாட்டார். பதில் நிற்கிறது என்றே கருதுகிறோம். ஆனால் அதைச் சொல்கிறவர், சபையின் சாட்சிக்குக் கணிசமான எடை கொடுத்துவிட்டார் என்பதையும் மறைக்கக்கூடாது.

ஒரே வேதம், இரண்டு முடிவு

கத்தோலிக்கரை விட்டுவிட்டு உள்வீட்டுக்கு வருவோம். பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பத்தில் பாட்டி மெதடிஸ்ட், பேரன் பெந்தெகொஸ்தே என்றால், குழந்தை ஞானஸ்நானம் வந்ததும் வீடு இரண்டாகும். பாட்டி தரப்பு லீதியாள் வீட்டாரையும் சிறைச்சாலைக்காரன் வீட்டாரையும் (அப்போஸ்தலர் 16), விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துப் பேசும் கொலோசெயர் 2:11-12-ஐயும் காட்டும். பேரன் தரப்பு, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறச் சொல்லும் அப்போஸ்தலர் 2:38-ஐயும் 'விசுவாசமுள்ளவனாகி' என்று தொடங்கும் மாற்கு 16:16-ஐயும் காட்டும். இருவருமே வேதம் போதும் என்பவர்கள். கத்தோலிக்கர் இதைப் பார்த்துத்தான் 'உங்களுக்குள்ளேயே முடியவில்லையே' என்கிறார்.

இது வெறும் எகத்தாளம் அல்ல, பதில் தேவைப்படும் கேள்வி. வேதம் போதும் என்ற போதனை, எல்லாக் கேள்வியிலும் எல்லாரும் ஒத்துப்போவார்கள் என்று வாக்குக் கொடுக்கவில்லை என்பதே பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்கிறவர் உடனே அடுத்ததையும் ஏற்கவேண்டும்: நேர்மையாக வாசிப்பவர்கள் பிரியும் இடத்தில், மற்றவரை இரட்சிப்பில்லாதவர் என்று தள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. இதை ஏற்காமல், தன் சபையின் விளக்கத்தையே வேதத்தின் இடத்தில் உட்காரவைக்கும் போதகர்கள் நம் நடுவில் குறைவில்லை. போப் ஒருவர் வேண்டாமென்று வந்தவர்கள், சந்துக்கு ஒருவரை உண்டாக்கிக்கொண்ட கதை.

தாலி, பொட்டு, பூ, குத்துவிளக்கு ஆகியவை இந்தத் தலைப்பில் தமிழருக்கே உரிய அத்தியாயம். வேதம் கட்டளையிடாததை ஆராதனையில் செய்யக்கூடாது என்பது கால்வின் மரபு. வேதம் தடுக்காததைச் சபை ஒழுங்குக்காகச் செய்யலாம் என்பது லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபு. தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் வழியில் வந்த தமிழ் லுத்தரன்கள் சிலுவை பதித்த தாலியைச் சகஜமாக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. நகையே கூடாது என்று 1 பேதுரு 3:3-ஐக் காட்டும் சில பெந்தெகொஸ்தே சபைகளில் அதே தாலி ஞானஸ்நானத்துக்கு முன் கழற்றவேண்டிய பொருள். அந்த வசனம் முழுவதையும் வாசித்தால், மயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரமும்கூட அதே பட்டியலில் வருகின்றன. பட்டுப்புடவையை விட்டுவிட்டுத் தாலியை மட்டும் பிடிப்பது வசனத்தின் வேலை அல்ல.

லுத்தரன்களின் 1577-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையான இணக்க வாய்பாடு, பத்தாம் பிரிவில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்றைத் தருகிறது. தேவன் கட்டளையிடாத, தடுக்கவும் செய்யாத காரியங்களைச் சபை இடத்துக்கேற்ப வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம். ஆனால் எதிரிகள் அதை வற்புறுத்தி விசுவாசத்தையே விட்டுக்கொடுக்க வைக்கப் பார்க்கும்போது, அப்படிப்பட்ட சின்னக் காரியத்திலும் இணங்கக்கூடாது. கட்டாயம் நுழையும் கணத்தில் சாதாரணப் பொருளின் தன்மையே மாறுகிறது. தாலி கட்டினால்தான் திருமணம் என்பவருக்கும், கழற்றினால்தான் இரட்சிப்பு என்பவருக்கும் இதே பதில்.

அட்டையும் தீர்க்கதரிசனமும்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வரும். எடுத்தவர் கையில் எரேமியா 29:11 என்று வைத்துக்கொள்வோம்: 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' இந்த வருடம் வேலை உயர்வு, வீடு, பிள்ளைக்குக் கல்யாணம் என்று மனசு கணக்குப் போடும். அட்டையில் இல்லாத முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகு என்கிறது. அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்; அதைப் பெற்ற பெரியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிடுவார்கள். ஐந்தாம் வசனம், வீடு கட்டித் தோட்டம் போட்டு அங்கேயே குடியிருக்கச் சொல்கிறது. எட்டாம் வசனம், உங்களை மோசம்போக்கும் தீர்க்கதரிசிகளுக்குச் செவிகொடாதிருங்கள் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் விடுதலை என்று கர்த்தர் பெயரால் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார். ஆக அந்த அட்டை வசனம் எழுதப்பட்டதே அட்டை மனப்பான்மைக்கு எதிராக.

அட்டை பெரிய தீங்கு செய்வதில்லை. 'கர்த்தர் எனக்குக் காட்டினார், இந்த வரனை வேண்டாம் என்று சொல்' என்பது செய்யும். இங்கே புராட்டஸ்டண்டுகள் இரண்டாகப் பிரிவார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மரபு, அப்படிப்பட்ட வெளிப்பாடு நின்றுவிட்டது என்கிறது. பெந்தெகொஸ்தே மரபு, வரம் தொடர்கிறது ஆனால் வேதத்துக்குக் கீழ் என்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் 1 தெசலோனிக்கேயர் 5:20-21 விலக்கில்லாமல் பொருந்தும்: தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார்.

சோதிப்பது எப்படி? சொன்னதை அன்றே சொல்லுக்குச் சொல் எழுதி, தேதி போட்டு வைக்கவேண்டும்; பிறகு நடந்ததற்கேற்ப நினைவு வளைந்துகொடுக்கும். அடுத்து, கேட்கப்படுவது எந்த ரகம் என்று பார்க்கவேண்டும். வேதம் ஏற்கெனவே கட்டளையிட்டதை நினைவூட்டுகிறது என்றால் அதற்கு வேதமே போதும். வேதம் தடுத்ததைச் செய்யச் சொன்னால் பேச்சே இல்லை. வேதம் சுதந்தரமாக விட்ட இடத்தில் (யாரைக் கட்டுவது, எந்த ஊரில் வேலை) 'கீழ்ப்படியாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும்' என்ற மிரட்டல் சேர்ந்தால், அது ஆலோசனை என்ற எல்லையைத் தாண்டிப் புதிய கட்டளையாகிறது. ஆறாம் விதி தடுப்பது இதைத்தான். வசனம் ஒன்றை ஆதாரமாகக் கொடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, யாருக்கு எழுதப்பட்டது, நடந்ததைச் சொல்கிறதா அல்லது செய்யச் சொல்கிறதா, இதே பொருளைத் தெளிவாகப் பேசும் வேறு பகுதி என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். தேவனிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் ஆட்டுத் தோலை விரித்தான் என்பது செய்தி, நமக்குக் கட்டளை அல்ல. கடைசியாக, சொன்னவரிடமே பொறுப்போடு கேட்கலாம். கேள்வி கேட்டதற்காகவே கோபப்படுகிறவர், பெரோயாவில் பவுல் ஏற்றுக்கொண்ட சோதனையைத் தான் ஏற்க மறுக்கிறார்.

தசமபாகத்திலும் இதே முறை செல்லும். சம்பளத்தில் பத்தில் ஒன்று என்றதும், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடு கழிக்கும் முன்பா பின்பா, 55 வயதில் எடுக்கும் மொத்தத் தொகைக்கும் உண்டா என்று சபைகளில் கேட்காத ஆளில்லை. மல்கியா 3:10-ஐ மட்டும் வாசித்தால் பதில் கிடைக்காது. எண்ணாகமம் 18 அதை நிலப்பங்கு இல்லாத லேவியருக்குக் கொடுக்கிறது. உபாகமம் 14 அதைக் குடும்பத்தோடு கர்த்தருக்கு முன்பாகச் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது, மூன்றாம் வருடத்தில் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் வைக்கச் சொல்கிறது. பத்து விழுக்காட்டை நல்ல பழக்கமாகப் பரிந்துரைக்க ஒரு போதகருக்கு முழு உரிமை உண்டு. கொடுக்காதவன் சபிக்கப்பட்டவன் என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்லும் போதகர், 2 கொரிந்தியர் 9:7-ஐ விளக்கக் கடமைப்பட்டவர்: 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்.' ஈபிஎஃப் கேள்விக்கு அந்த வசனம் விழுக்காடு எதுவும் சொல்லவில்லை. அதைக் கொடுப்பவர் தன் மனதில் நியமிக்கவேண்டும், சபை அலுவலகத்தில் யாரும் கணக்குப் போட்டுத் தரவேண்டியதில்லை.